மூக்குப்பொடிக் குழியில் ஒரு விரல்

கீழே விழுகிற எவரும் முதலில் கையைத்தான் ஊன்றுகிறார். யோசித்துச் செய்வதல்ல அது. என்ன நடக்கிறது என்று புரிவதற்கு முன்பே கை நீண்டுவிடும். முகமும் மண்டையும் தப்பித்துவிடும். அடியை வாங்கிக்கொள்வது உள்ளங்கையின் அடிப்பகுதி. உடம்பின் எடை முழுவதும், விழுந்த வேகத்தையும் சேர்த்துக்கொண்டு, பின்னோக்கி மடங்கிய மணிக்கட்டின் வழியாக முன்கைக்கு ஏறுகிறது.

வடசென்னையில் இப்படி விழுவதற்கு இடங்களுக்குப் பஞ்சமில்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தின்போது ஐஸ் தண்ணீரும் மீன் செதிலும் தரையெங்கும் வழுக்கும். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளில், கேபினிலிருந்து குதித்து இறங்குவதும் மறுபடி ஏறுவதும் நாள் முழுக்க நடக்கும். திருவொற்றியூரிலும் மணலியிலும் எண்ணூரிலும் பட்டறைத் தரையில் சிந்திய எண்ணெய், மழைநாளில் தண்டவாளம், சாரத்தின் ஈரப் பலகை. விழுந்தவர் எழுந்து, கையை உதறிக்கொண்டு, விட்ட வேலையைத் தொடர்வார்.

24 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கண்டெய்னர் லாரியில் கிளீனர் வேலை. குறிப்பிட்ட ஒருவரின் கதையல்ல இது. எலும்பு மருத்துவ நூல்கள் உலகெங்கிலுமிருந்து பதிவுசெய்திருக்கிற கதையை ராயபுரத்து ஆளாக வைத்துச் சொல்கிறேன். மழை பெய்த இரவில் கேபின் படியில் கால் வழுக்கி, வலக்கையை ஊன்றி விழுகிறார். விண்ணென்று வலி. லேசான வீக்கம். விரல்களை மடக்கி நீட்டிப் பார்க்கிறார்.

“விரல் ஆடுதில்ல? அப்ப எலும்பு உடையல. சுளுக்குதான் தம்பி” என்கிறார் டிரைவர்.

இந்த நம்பிக்கை நம் ஊரில் மிகவும் ஆழமானது. அடியோடு தவறானது. விரல்களை ஆட்டும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டு எலும்புகளைத் தாண்டி விரல்களுக்குப் போகின்றன. கீழே ஓர் எலும்பு விரிசல் விட்டிருந்தாலும் மேலே தசைநாண் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

மறுநாள் தெருவில் நீவிவிடும் பெரியவரிடம் எண்ணெய் போட்டு நீவிக்கொள்கிறார். மூன்றாம் நாள் கிளினிக். எக்ஸ்ரே எடுக்கிறார்கள். “எலும்புல ஒண்ணும் இல்ல” என்று கிரேப் பேண்டேஜும் ஐந்து நாளைக்கு வலி மாத்திரையும் தருகிறார்கள். இரண்டு வாரத்தில் வலி பாதியாகக் குறைகிறது. அந்தப் பாதி வலியோடு வேலைக்குத் திரும்பிவிடுகிறார். ஆறு மாதம் கழித்துத் தரையில் கையூன்றி எழ முடியவில்லை. தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டும்போது கை விட்டுப்போகிறது. யூரிக் ஆசிட் பார்க்கச் சொல்கிறார் ஒருவர். கால்சியம் குறைவு என்கிறார் இன்னொருவர். ‘வாதம்’ என்கிறது வீடு. ‘சிக்குன்குனியா வந்த கையா?’ என்று கேட்கிறது மருந்துக்கடை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பட்டை மாத்திரை. மூன்று ஆண்டுகள் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயில், ஒன்றாக இருக்க வேண்டிய எலும்பு இரண்டு துண்டாக, நடுவே தெளிவான இடைவெளியோடு நிற்கிறது.

அந்த எலும்பின் பெயர் ஸ்கேஃபாய்ட். படகின் வடிவத்தில் இருப்பதால் படகெலும்பு என்றும் சொல்லலாம். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் நான்கு நான்காக இரண்டு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கட்டைவிரல் பக்கமுள்ள படகெலும்பு மட்டும் இரண்டு வரிசைகளுக்கும் குறுக்கே பாலமாகக் கிடக்கிறது. கையூன்றி விழும்போது மேல் வரிசை ஒரு பக்கமும் கீழ் வரிசை ஒரு பக்கமும் மடங்க, நடுவில் மாட்டிக்கொண்ட இது தன் இடுப்பில், அதாவது நடுப்பகுதியில், ஒடிகிறது. மணிக்கட்டின் சிறு எலும்புகளில் ஏற்படும் முறிவுகளில் பத்தில் ஆறுக்கும் மேற்பட்டவை இந்த ஒரே எலும்பில் நிகழ்கின்றன. ஒடிப்பவர்கள் பெரும்பாலும் இளம் ஆண்கள். வயதானவர்கள் அதே மாதிரி விழுந்தால் முன்கையின் ரேடியஸ் எலும்பு முனை நொறுங்கி, கை கோணிக்கொண்டு, பார்த்ததுமே தெரிந்துவிடும். இளைஞர்களின் ரேடியஸ் வலுவானது, எளிதில் உடையாது. அடி உள்ளே இறங்கிச் சின்ன எலும்பைப் பிடிக்கிறது. வெளியே எதுவும் காட்டிக்கொள்ளாது.

உடைந்த எலும்பு தானாக ஒட்டிக்கொள்ள வேண்டாமா? பெரும்பாலான எலும்புகள் ஒட்டிக்கொள்ளும். படகெலும்பின் சிக்கல் அதன் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. அதற்கு வரும் ரத்தத்தில் 70 முதல் 80 விழுக்காடு, விரல் பக்கத்து முனைக்கு அருகே புறங்கைப் பக்கமாக நுழைந்து, அங்கிருந்து பின்னோக்கி ஓடி முன்கைப் பக்கத்து முனையை அடைகிறது. அந்தப் பின்முனை கடைமடை வயல். இடுப்பில் விரிசல் விழுந்தால் வாய்க்கால் அங்கே உடைகிறது. கடைமடைக்குத் தண்ணீர் போகாது. ரத்தமில்லாத துண்டு மெல்லச் செத்துப்போகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த எலும்பின் மேற்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மூட்டுக் குருத்தெலும்பால் மூடப்பட்டது. மற்ற எலும்புகளைச் சுற்றியிருந்து முறிவை ஒட்டவைக்கும் உறை இதற்கு இல்லை. முறிந்த வாய் மூட்டுத் திரவத்தில் மூழ்கிக் கிடக்கிறது. இத்தனைக்கும் மேலே, கட்டுப்போடாத கை ஒவ்வொரு அசைவிலும் அந்த வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. நீவிவிடுவதும் அதையேதான் செய்கிறது.

இணையாமல் விட்ட படகெலும்பு சில ஆண்டுகள் சும்மா இருப்பதுபோலத் தெரியும். பிறகு துண்டுகள் நழுவி, மணிக்கட்டின் மற்ற எலும்புகள் தங்கள் இடத்திலிருந்து சாய்ந்து, குருத்தெலும்பு தேயத் தொடங்கும். பத்து ஆண்டுகளைக் கடந்த இணையாத முறிவுகளில் மூட்டுத் தேய்மானம் இல்லாததைக் காண்பது அரிது. 24 வயதில் விழுந்தவருக்கு 35 வயதில் அறுபது வயதுக்காரரின் மணிக்கட்டு.

சரி, எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை? கிளினிக்கில் யாரும் கவனக்குறைவாக இருந்திருக்க வேண்டியதில்லை. முதல் நாள் படங்களில் படகெலும்பு முறிவு தெரியாமல் போவது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுவரை உண்டு என்று எலும்பு மருத்துவ நூல்களே சொல்கின்றன. எக்ஸ்ரே என்பது நிழல். மெல்லிய விரிசல் அந்த நிழலில் கோடாக விழ வேண்டுமானால், கதிர் விரிசலின் வழியாகவே, அதற்கு இணையாகப் போக வேண்டும். படகெலும்போ மணிக்கட்டில் ஏறத்தாழ 45 டிகிரி சாய்ந்து படுத்திருக்கிறது. நேராக எடுக்கும் படத்தில் அது குறுகி, ஒன்றின்மேல் ஒன்று படிந்து தெரியும். கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து எடுக்கும் தனிக் கோணம் ஒன்று உண்டு. மருத்துவர் சீட்டில் ‘ஸ்கேஃபாய்ட் வியூ’ என்று எழுதினால்தான் அது எடுக்கப்படும். வெறுமனே ‘மணிக்கட்டு எக்ஸ்ரே’ என்று எழுதினால் இரண்டு படம்தான்.

பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுத்தால், முறிந்த விளிம்புகளை உடம்பு கொஞ்சம் கரைத்திருக்கும். இடைவெளி அகன்று, கோடு கண்ணுக்குப் படும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அவ்வளவு காத்திருக்காது. எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதை முதல் சில நாட்களிலேயே காட்டிவிடும்.

இவ்வளவு பெரிய இயந்திரம் வருவதற்கு முன்னால், ஒரு விரல் செய்யக்கூடிய பரிசோதனை இருக்கிறது. இதைப் படிக்கும்போதே உங்கள் கையில் செய்து பாருங்கள். வலக்கையைச் சுண்டுவிரல் பக்கம் கீழே படும்படி மேசைமேல் வையுங்கள். கட்டைவிரலை நன்றாக நிமிர்த்திக் கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, இரண்டு பக்கமும் தசைநாண்கள் புடைத்து நிற்க, நடுவே முக்கோணமாக ஒரு குழி விழும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் பட்டணம் பொடியை இந்தக் குழியில் கொட்டி உறிஞ்சுவார்கள். உடற்கூறு நூல்களிலும் இதன் பெயர் மூக்குப்பொடிக் குழிதான். இடக்கை ஆள்காட்டி விரல் நுனியை உள்ளே மெல்ல அழுத்துங்கள். முதலில் ஒரு நாடித்துடிப்பு படும். கைக்கு ரத்தம் கொண்டுபோகும் ரேடியல் தமனி அந்தக் குழியின் தரை வழியாகத்தான் போகிறது. இப்போது வலக்கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாயுங்கள். குழியின் அடியிலிருந்து கெட்டியாக ஏதோ ஒன்று எழுந்து உங்கள் விரலை முட்டும். அதுதான் படகெலும்பின் இடுப்பு.

கையூன்றி விழுந்தவருக்கு அந்த இடத்தில் அழுத்தியதும் முகம் சுளித்தால், எக்ஸ்ரே என்ன சொன்னாலும் முறிவு என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். துணைக்கு இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு ரேகைக்கு அருகே கட்டைவிரல் மேட்டின் அடியில் ஒரு சிறு முண்டு இருக்கும். அதை அழுத்த வேண்டும். கட்டைவிரலைப் பிடித்து அதன் நீளவாக்கில் மணிக்கட்டை நோக்கித் தள்ள வேண்டும். மூன்றும் வலித்தால் சந்தேகம் வலுக்கிறது. குழியில் வலி இருப்பவர்கள் எல்லோருக்கும் முறிவு இருக்காது. வெறும் இணைப்புநார்க் காயத்திலும் அங்கே வலிக்கும். ஆனால் முறிவு உள்ளவர்களில் அங்கே வலிக்காதவர் மிகக் குறைவு. எனவே இந்தச் சோதனை யாரைத் தப்பவிடக் கூடாது என்று சொல்கிறது. மீதியை முடிவுசெய்ய இரண்டாவது பார்வை வேண்டும்.

தினக்கூலிக்காரரின் வாழ்க்கையில் அந்த இரண்டாவது பார்வைதான் கிடைப்பதில்லை. ‘பத்து நாள் கழித்து வாங்க’ என்பதற்கு அவர் காதில் விழும் பொருள் ஒரு நாள் கூலி போகும் என்பது. சந்தேகத்தின் பேரில் இரண்டு வாரம் மாவுக்கட்டு என்றால் இரண்டு வாரச் சம்பளம். அப்படிக் கட்டுப்போட்டவர்களில் பலருக்கு முறிவு இல்லை என்று பின்னால் தெரியவரும் என்பதும் உண்மை. கையை நம்பி வாழ்கிறவருக்கு முதல் வாரத்திலேயே எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுவது எல்லோருக்குமே மலிவு என்பது என் உறுதியான கருத்து. இல்லாத முறிவுக்குக் கட்டுப்போட்டு உட்கார வைப்பதும் மிச்சம், இருக்கிற முறிவை விட்டுவிட்டுப் பின்னால் அறுவை செய்வதும் மிச்சம்.

ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் வைத்தியம் எளியது. விலகாத இடுப்பு முறிவு மாவுக்கட்டில் 8 முதல் 12 வாரத்தில் பெரும்பாலும் கூடிவிடும். பின்முனை முறிவு அதைவிட நீளும். விலகியிருந்தால் திருகாணி. டிமோத்தி ஹெர்பர்ட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் வடிவமைத்து 1984இல் வெளியிட்ட திருகாணிக்குத் தலையே கிடையாது. இரண்டு முனையிலும் மரை உண்டு, ஆனால் மரையின் இடைவெளி வேறு வேறு. ஒரு முனை ஒரு சுற்றில் அதிகம் முன்னேறும், மறுமுனை குறைவாக. முறுக்க முறுக்க இரண்டு துண்டும் ஒன்றையொன்று நெருங்கி இறுகும். தலை இல்லாததால் குருத்தெலும்புக்கு அடியில் முழுதாகப் புதைந்துவிடும், எடுக்க வேண்டியதில்லை. எங்கே கைவைத்தாலும் மூட்டுப் பரப்பாக இருக்கும் எலும்புக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை யோசிப்பது கடினம். மூன்று ஆண்டு தாமதித்து வந்தவருக்கு இது மட்டும் போதாது. செத்த வாயைச் சுரண்டி, இடுப்பெலும்பிலிருந்தோ ரேடியஸிலிருந்தோ எலும்பு எடுத்து வைத்து, சில நேரம் ரத்தக்குழாயோடு சேர்த்துப் பொருத்தி, அதன் பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இந்த வைத்தியத்துக்கு நம் கிளீனர் வெகுதூரம் போக வேண்டியதில்லை என்பதுதான் மனதை வாட்டுகிறது. பழைய சிறைச்சாலைச் சாலையில் நிற்கிறது ஸ்டான்லி. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து கிளைத்த மருத்துவமனை; ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்ற பெயர் பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது. 1938இல் அது மருத்துவக் கல்லூரியானது. 1971இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கைக் காயங்களுக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கினார். சுற்றிலும் துறைமுகம், வார்ப்பட ஆலைகள், பிரஸ் பட்டறைகள். நசுங்கிய கையும் அறுந்த விரலும் ஓயாமல் வந்து சேரும் இடம் அது. அந்தப் பிரிவு வளர்ந்து கை ஆராய்ச்சிக்கும் மறுவாழ்வுக்குமான நிலையமாகி, நாட்டின் பல ஊர்களுக்குக் கை அறுவை மருத்துவர்களைத் தந்திருக்கிறது. 2018 பிப்ரவரியில், மின்சாரம் தாக்கி இரண்டு கைகளையும் இழந்த ஒரு தொழிலாளிக்கு, மூளைச்சாவு அடைந்தவரின் கைகளைப் பொருத்திய அரசு மருத்துவமனையும் இதுதான். வேறொருவர் கையையே தைத்து உயிர்கொடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிற பேட்டையில், சுளுக்கு என்ற பெயரோடு ஓர் எலும்பு செத்துக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் கை மருத்துவம் பிறந்ததே ஒரு தவறான காரணத்தைத் திருத்தியதில்தான். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.க்கு 1946இல் அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, மடங்கிச் சூம்பிய கைகளைக் கண்டார். தொழுநோயில் சதையே அழுகி விரல் உதிர்கிறது, அறுவை செய்தாலும் புண் ஆறாது என்பது அன்றைய நம்பிக்கை. பிராண்ட் கைகளைத் தொட்டு, பிடியின் வலுவைச் சோதித்து, உணர்ச்சி எங்கே இருக்கிறது எங்கே இல்லை என்று பார்த்தார். சதை நன்றாகத்தான் இருந்தது. நரம்பு போயிருந்தது. வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் கை தேய்ந்துகொண்டிருந்தது. காரணம் திருந்தியதும் வைத்தியம் திறந்தது: நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலுக்கு மாற்றிப் பொருத்தினார், மடங்கிய விரல்கள் நீண்டன.

மணிக்கட்டு வலிக்கெல்லாம் படகெலும்பே காரணம் என்று இப்போது நினைத்துவிட வேண்டாம். அதுவும் இன்னொரு தவறில் முடியும். அந்தக் குழியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளினாலே கதை மாறுகிறது.

காசிமேட்டில் மீன் வெட்டித் தரும் அக்கா ஒருவரின் கையைக் கவனியுங்கள். இடக்கையின் கட்டைவிரல் செவுளுக்குள் போய் மீனை இறுக்கிப் பிடிக்கிறது. மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகத் திரும்பித் திரும்பி, அரிவாள்மனைமேல் மீனை நகர்த்துகிறது. செதில், துடுப்பு, வயிறு, துண்டு. அடுத்த மீன். கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள், ரேடியஸ் முனைமேல் ஓர் இறுக்கமான குழாய்க்குள் ஓடுகின்றன. ஓயாத உரசலில் அந்தக் குழாயின் சுவர் தடித்து, நாண் உள்ளே நெரிபடுகிறது. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃப்ரிட்ஸ் டி கெர்வான் 1895இல் ஐந்து நோயாளிகளைக் கொண்டு இதை விவரித்தார். நோய் அவர் பெயரிலேயே வழங்குகிறது. கைக்குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தூக்கி இறக்கும் தாய்மார்களுக்கும் இது வரும். அவர்களிடம் ‘பிரசவத்துக்கு அப்புறம் சத்து இல்ல’ என்று சொல்லி அனுப்பிவிடுவது வழக்கம்.

இதற்கு ஒரு பிரபலமான சோதனை உண்டு. கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்கி, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்ப்பது. ஃபிங்கல்ஸ்டைன் சோதனை என்று செல்பேசி வீடியோக்களில் சுற்றுகிறது. உண்மையில் அது ஐக்ஹாஃப் 1927இல் விவரித்தது. ஃபிங்கல்ஸ்டைன் 1930இல் எழுதிய முறையில், மருத்துவர் நோயாளியின் கட்டைவிரலைப் பிடித்துக் கையைச் சட்டென்று சாய்ப்பார். வித்தியாசம் சின்னதல்ல, முஷ்டி மடக்கிச் செய்தால் நோயில்லாத பலருக்கும் வலிக்கும். இந்த நோய்க்கு நெரிந்த குழாய்க்குள் ஒரு ஸ்டீராய்ட் ஊசி பெரும்பாலோருக்கு நல்ல பலன் தருகிறது. பலிக்காவிட்டால் வேறொரு காரணம் இருக்கலாம்: சிலருக்கு அந்தக் குழாய்க்குள் ஒரு தடுப்புச் சுவர் இருக்கும், மருந்து ஓர் அறையில் மட்டுமே போய்ச் சேர்ந்திருக்கும். ‘ஊசியும் கேட்கல’ என்று நோயின் பெயரை மாற்றுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

எக்ஸ்ரே இருப்பதைக் காட்டாமல் விடுவதைப் பார்த்தோம். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: வலிக்குக் காரணமல்லாத ஒன்றைக் காட்டிவிடுவது. இரவு இரண்டு மணிக்குக் கை மரத்து, எரிந்து, தூக்கம் கலைந்து, எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிற 45 வயது நபர். மரப்பு கட்டைவிரலிலிருந்து மோதிரவிரல் பாதிவரை. சுண்டுவிரல் நன்றாக இருக்கும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒன்பது தசைநாண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு போகும் மீடியன் நரம்பு அழுந்துவதால் வருவது இது. கார்பல் டனல் என்று பெயர். 1981இல் கெல்பர்மன் குழுவினர் அந்தச் சுரங்கத்துக்குள் அழுத்தத்தை அளந்தபோது, நலமானவர்களிடம் சராசரி 2.5, நோயாளிகளிடம் 32 மில்லிமீட்டர் பாதரசம் இருந்தது. மணிக்கட்டை மடக்கியதும் நோயாளிகளின் அழுத்தம் 94ஐத் தொட்டது. நாம் கையை மடக்கிக்கொண்டு தூங்குகிறோம், அதனால் இரவில் வலிக்கிறது.

இவருக்குக் கழுத்தில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். 45 வயதில் யார் கழுத்தை எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியும். அகப்பட்டதே காரணமாகிவிடுகிறது. கழுத்துப் பட்டை மாட்டிக்கொண்டு இரண்டு ஆண்டு போகிறது. கட்டைவிரல் மேட்டின் சதை வற்றிப்போன பிறகு மணிக்கட்டு ஞாபகம் வருகிறது. சர்க்கரையும் தைராய்டும் இந்த நரம்பு அழுத்தத்துக்குத் துணைபோகும் என்பதால், அவற்றையும் பார்த்திருக்க வேண்டும். ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடுதலாக இருப்பவர்கள் எல்லோருக்கும் கவுட் என்ற மூட்டுநோய் இல்லை என்பதும் இதே வகைப் பாடம்.

அதிரும் கருவிகளைப் பிடிக்கும் கைகளுக்கு இன்னொரு கணக்கு. 1918இல் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டில் சுண்ணாம்புக்கல் வெட்டும் தொழிலாளர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதைப் பதிவுசெய்தார். காற்றழுத்தச் சுத்தியல்தான் காரணம் என்று கண்டார். அன்றிலிருந்து ‘வெள்ளை விரல்’ இந்த நோயின் அடையாளமாகப் புத்தகத்தில் ஏறிவிட்டது. ஆனால் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் விரல் வெளுப்பது அரிது; மரப்பும், குறுகுறுப்பும், பிடி தளர்வதும்தான் முன்னால் வரும். எண்ணூர்ப் பக்கத்து வார்ப்பட ஆலையில் கிரைண்டரும் சிப்பிங் கருவியும் பிடிக்கிறவரிடம் வெள்ளை விரலைத் தேடினால் நோய் தப்பிவிடும். ‘என்ன வேலை செய்றீங்க?’ என்று கேட்டால் பிடிபடும்.

விழுந்த ஞாபகமே இல்லாமல், மணிக்கட்டின் நட்டநடுவில், புறங்கைப் பக்கம் வலி என்றால், அந்த எட்டுச் சிறு எலும்புகளில் ஒன்றான பிறை எலும்பை நினைக்க வேண்டும். வியன்னாவின் கதிரியல் மருத்துவர் ராபர்ட் கீன்பாக் 1910இல் விவரித்தபடி, அந்த எலும்பு ரத்தமின்றி நொறுங்கும். பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடைப்பட்ட, கையால் உழைக்கும் ஆண்கள். இதிலும் தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது காசநோய். நம் நாட்டில் இதை மறந்துவிட்டு எந்த மூட்டு வீக்கத்தையும் பார்க்கக் கூடாது. மணிக்கட்டில் அது அபூர்வம்தான்; அபூர்வம் என்பதாலேயே தவறவிடப்படுகிறது. மாதக்கணக்கில் மெல்ல ஏறும் வீக்கம், அவ்வளவாக வலியில்லை. மணிக்கட்டுக்கு மேலேயும் உள்ளங்கையிலும் இரண்டு மேடுகள். ஒன்றை அழுத்தினால் மற்றொன்று எழும்பும். இருமல் இருக்க வேண்டியதில்லை, நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கலாம். ரத்தத்தில் முடக்குவாதக் காரணி பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் ‘வாதம்’ உறுதியாகிவிடுகிறது. நாள்பட்ட கிருமித்தொற்றுகளிலும் அது பாசிட்டிவாக வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. மீன்வெட்டும் அக்காவுக்கு நன்மை செய்த அதே ஸ்டீராய்ட் ஊசி, இங்கே கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும். அறுவையில் திறந்தால் தசைநாண் உறைக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக அரிசி வடிவத் துணுக்குகள் கொட்டும். முடக்குவாதத்திலும் அவை உண்டு என்பதால், கண்ணால் பார்த்ததோடு நிறுத்தாமல் திசுவைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். காசநோய் என்று தெரிந்துவிட்டால் மருந்து அரசிடம் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியதே சென்னைதான். சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், நுரையீரல் காசநோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வில் அதை 1959இல் நிறுவியது.

ஆகவே வலியோடு போகிறவர்கள் மூன்று விஷயங்களை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். ‘கை பூரா வலிக்குது சார்’ என்று நிறுத்தாமல், எங்கே என்று ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள். விழுந்திருந்தால், அது எத்தனை மாதத்துக்கு முன்னால் என்றாலும் சொல்லுங்கள். கை நாள் முழுக்க என்ன செய்கிறது என்பதைச் செய்தே காட்டுங்கள். பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டாவது படத்தின் அர்த்தம் முதல் படத்தோடு ஒப்பிடும்போதுதான் தெரியும். சுளுக்கு என்று சொல்லப்பட்ட வலி இரண்டு வாரம் தாண்டினால், அதே மருத்துவரிடமே திரும்பிப் போய், மூக்குப்பொடிக் குழியை அழுத்திப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

மேஸ்திரிகளுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் இருப்பவருக்கு வேலையில் ஏற்பட்ட காயத்தால் வேலைக்கு வரமுடியாத நாட்களுக்கு, கூலியில் ஏறத்தாழ 90 விழுக்காடு கிடைக்க வழியுண்டு. ஆனால் விழுந்தது விபத்துப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். ‘சின்ன சுளுக்குதானே’ என்று எழுதாமல் விட்டால், மூன்று ஆண்டு கழித்து எலும்பு உடைந்திருப்பது தெரியும்போது அந்தத் தொழிலாளி கையில் எந்தக் காகிதமும் இருக்காது. கையூன்றி விழுந்தால், வீக்கம் இல்லாவிட்டாலும், அன்றைக்கே எழுதுங்கள். பன்னிரண்டாம் நாள் மறு எக்ஸ்ரேவுக்குப் போகிறவரை அந்த அரை நாள் கூலி பிடிக்காமல் அனுப்பிவையுங்கள்.